லிட்டருக்கு இருபத்தெட்டு புள்ளி ஒன்று

எங்கள் காரின் திரையில் 28.1 என்று ஓர் எண் இருந்தது. வண்டி இதுவரை ஓடிய ஓட்டங்களில் எது மிக நல்ல மைலேஜோ, அதை வண்டியே நினைவில் வைத்துக்கொண்டு ஓரத்தில் காட்டும். லிட்டருக்கு இருபத்தெட்டு புள்ளி ஒரு கிலோமீட்டர். என் கணவர் எடுத்தது. பம்பாயில், செம்பூரிலிருந்து மாட்டுங்கா போய்த் திரும்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்தார். அதற்கு மூன்று மாதம் கழித்து, இனிமேல் ஸ்டியரிங் பக்கமே போகக் கூடாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது நான் ஓட்டுகிறேன். இவர் இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டு வருகிறார். நேரே இருப்பது இவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பக்கவாட்டில் இருப்பதுதான் தெரியாது.

நான் தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் டீச்சராக இருந்தவள். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றபடியே கடைசி பெஞ்சில் மிட்டாய் மெல்லுகிற வாயைப் பிடித்திருக்கிறேன். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிற கண்ணைப் பிடித்திருக்கிறேன். கூடவே இருந்து சாப்பிட்டுத் தூங்குகிற மனுஷனின் கண் போவதைப் பிடிக்க முடியவில்லை. அதிலும் கேவலம், அது போகப் போக நான் அவரைப் பாராட்டிக்கொண்டிருந்தேன்.

இவர் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்த்தவர். ஒரு பெட்டியில் ஒரு நட்டு குறைந்தால்கூட அன்றைக்குச் சோறு இறங்காது. ரிட்டயர் ஆனதும் கார் வாங்கலாம் என்றார். எங்கள் இருவர் வீட்டிலும் யாரும் கார் வைத்திருந்ததில்லை. இவரும் நானும் பிறந்தது தாராவியில். அங்கே கார் வந்தாலும் நிறுத்த இடம் கிடையாது. செம்பூருக்குக் குடி வந்த பிறகு கட்டடத்துக்குக் கீழே எங்கள் பெயருக்கு ஓர் இடம் காலியாகவே கிடந்தது. அந்த இடம் வீணாகப் போகிறதே என்பதுதான் இவருக்குப் பெரிய கவலை.

வாங்கியது ஹைபிரிட் கார். பெட்ரோல் எஞ்சின் ஒன்று, பேட்டரியில் ஓடும் மோட்டார் ஒன்று, இரண்டும் ஒரே வண்டிக்குள். மெதுவாகப் போனால் மோட்டார் மட்டும் ஓடும், திரையில் பச்சை விளக்கு எரியும், சத்தமே இருக்காது. கொஞ்சம் அழுத்தி மிதித்தால் எஞ்சின் விழித்துக்கொள்ளும். பிரேக் போடும்போது வீணாகிற வேகத்தைப் பிடித்து வண்டி தன் பேட்டரிக்கே ஊட்டிக்கொள்ளும். இந்தக் கடைசி விஷயத்தைக் கேட்டதும் இவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. எதுவும் வீணாகாத ஒரு பொருளை இவர் வாழ்நாளெல்லாம் தேடியிருக்கிறார்.

முதல் மாதம் பத்தொன்பதுதான் வந்தது. கம்பெனிக்காரர்கள் சொன்னது அதைவிட எவ்வளவோ அதிகம். வேறு யாராவது என்றால் ஏமாற்றிவிட்டான் என்று திட்டிவிட்டுப் போவார்கள். இவர் தன் மேல்தான் குறை என்று எடுத்துக்கொண்டார். காலையில் காபியோடு போனில் வீடியோ பார்ப்பார். யாரோ ஊர் பேர் தெரியாத ஆட்கள் இந்தியிலும் மலையாளத்திலும் எப்படி மிதிக்க வேண்டும், எப்போது காலை எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். மலையாளம் புரியாவிட்டாலும் காலைப் பார்த்துப் புரிந்துகொள்வார்.

அவர் கற்றுக்கொண்டதையெல்லாம் நானும் கேட்டே ஆக வேண்டும். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். கிளம்பும்போது ஊர்ந்து ஊர்ந்து நகர்வதைவிடத் தயங்காமல் நாற்பதுக்குப் போய்விட வேண்டும்; அப்புறம் காலை முழுக்க எடுத்துவிட்டு, மறுபடி இறகு வைத்த மாதிரி வைத்தால் எஞ்சின் அணைந்து மோட்டார் பிடித்துக்கொள்ளும். தூரத்தில் சிவப்பு தெரிந்ததுமே காலை எடுத்துவிட வேண்டும். பிரேக்கை நீளமாக, மெதுவாக அமுக்க வேண்டும். டக்கென்று அமுக்கினால் பேட்டரிக்குப் போக வேண்டியது பிரேக் கட்டையில் சூடாகப் போய்விடும். மேம்பாலம் ஏறும்போது எஞ்சினை ஓட விட்டு, இறங்கும்போது காலை எடுத்துவிட்டால் இறக்கம் முழுக்கப் பேட்டரிக்குத்தான். சிக்னலில் நியூட்ரலில் போடக் கூடாது. பம்பாயில் வண்டி ஓட்டுகிற யாராக இருந்தாலும் சிக்னலில் நின்றதும் கை தானாக நியூட்ரலுக்குப் போகும். இந்த வண்டியில் நியூட்ரலில் போட்டால் பேட்டரி ஏறாது. இவர் தன் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

"என்ன, சாமி கும்பிடுதீங்களா?" என்று கேட்டேன்.

"சும்மா இரிட்டி, பேட்டரி நாலு கோடு ஏறியிருக்கு பாரு" என்றார்.

இருபத்தொன்று வந்தது. இருபத்திரண்டு வந்தது. முதல் வருஷம் அதோடு நின்றது. எனக்கு அதுவே போதும் என்று இருந்தது. பாண்டுப்பில் கட்டிக் கொடுத்திருந்த எங்கள் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். அவளை உட்கார வைத்து அப்பா பாடம் எடுப்பார். அவளும் அவரைப் போலத்தான், எண் என்றால் விடமாட்டாள். இரண்டு பேரும் சிக்னல் சிக்னலாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரும்.

இரண்டாவது வருஷம்தான் எண் விறுவிறுவென்று ஏறியது. இப்போது அந்த வருஷத்தை ஒவ்வொரு நாளாக எடுத்துப் பார்க்கிறேன். எதுவும் ஒளிந்திருக்கவில்லை. எல்லாம் என் கண் முன்னால், நான் பக்கத்து சீட்டில் இருக்கும்போதே நடந்தது.

முதலில் முன்வண்டிக்கும் இவருக்கும் நடுவே இடைவெளி கூடியது. இரண்டு ஆட்டோ புகுகிற அளவுக்கு இடம் விடுவார். புகுந்துகொண்டும் இருப்பார்கள். "இடம் விட்டாத்தான் பிரேக் போடாம பையப் போலாம்" என்றார். உண்மைதான், வீடியோவில் அப்படித்தான் சொன்னார்கள். அப்புறம் பெரிய பஸ் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் முதுகையே பார்த்தபடி போக ஆரம்பித்தார். பஸ் எங்கே நின்றாலும் இவரும் நிற்பார். "பஸ்காரன் நமக்கு வழி வெட்டிட்டுப் போறான், நமக்கு ஒரே வேகம் கெடைக்கும்" என்றார். அதுவும் உண்மைதான். தாராவி தொண்ணூறு அடி ரோடு வழியாகப் போவதை நிறுத்தினார். சந்துக்குச் சந்து பைக் பாய்கிற ரோடு. நின்று நின்று போக வேண்டும், மைலேஜ் அடிவாங்கும் என்றார். இரண்டு கிலோமீட்டர் சுற்றினாலும் பரவாயில்லை என்று அகலமான ரோட்டில் போனார். என் தங்கை வீடு அந்தத் தொண்ணூறு அடி ரோட்டில்தான். "உங்க மைலேஜுக்காக நான் என் தங்கச்சிய விடணுமா?" என்று சண்டை போட்டேன். ரயிலில் போ என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் சாயங்காலத்துக்கு மேல் வண்டி எடுப்பதை விட்டார். ஹெட்லைட் போட்டால் பேட்டரி தின்னும் என்றார். ஹெட்லைட் எவ்வளவு தின்றுவிடும் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இவர் சிக்கனத்தின் ஆழம் எனக்குத் தெரியும், இதையும் அதில் சேர்த்துவிட்டேன்.

நாற்பதுக்கு மேல் போகவே மாட்டார். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். இடது பக்கமாகத் தாண்டிப் போகிற பைக்காரனைப் பார்த்து, "இவன் எங்கருந்து வாரான்?" என்பார். வலது பக்கமாக ஓர் ஆட்டோ உரசிக்கொண்டு போகும், "இவன் எங்கருந்து வாரான்?" என்பார். இந்த ஊரில் வண்டி ஓட்டுகிற எல்லாரும் நாள் ஒன்றுக்கு இருபது தரம் சொல்கிற வாக்கியம் அது. இங்கே யாரும் எங்கிருந்தும் வருவார்கள். நானும் கூடச் சேர்ந்து அவனைத் திட்டினேன். இவர் அதைக் கோபத்தில் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார் என்பது இப்போதுதான் தெரிகிறது. அந்த பைக் இவருக்கு வரவே இல்லை. ஒரு நொடி முன்பு இல்லை, அடுத்த நொடி கண்ணாடிக்கு முன்னால் இருந்தது.

வீட்டிலும் நடந்தது. வாசலில் கிடந்த வாளியில் இடித்துக்கொள்வார். மேஜையில் இடது பக்கம் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவார். நான் என்ன சொன்னேன்? "வண்டிய மட்டும் இறகு மாதிரி ஓட்டுங்க, வீட்டுக்குள்ள எரும மாதிரி நடங்க" என்றேன். இவர் சிரித்தார். மகளும் சிரித்தாள். இவருடைய அப்பாவும் கடைசிக் காலத்தில் கதவு நிலையில் மோதிக்கொண்டே இருந்தார்; வயசு என்று விட்டுவிட்டோம். யாருமே அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

இருபத்தைந்து வந்தபோது பால்பாயசம் வைத்தேன். இருபத்தாறுக்கு மகள் போனில் கை தட்டினாள். கட்டடத்தில் எல்லாரும் இவரிடம் வந்து கேட்க ஆரம்பித்தார்கள். இவரும் கீழே நின்று காலை எப்படி எடுக்க வேண்டும் என்று செருப்பைத் தரையில் அழுத்திக் காட்டுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டுங்காவில் பூவும் வாழைக்காயும் வாங்கப் போனோம். நல்ல வெயில், ரோடு காலி. சயான் பக்கம் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் தொற்றிக்கொண்டார். போகும்போது மேம்பால இறக்கம் முழுக்கச் சத்தமில்லாமல் வழிந்து வந்தோம். திரும்பி வந்து கட்டடத்துக்குக் கீழே நிறுத்தியதும் திரையில் 28.1 என்று வந்தது. பழைய எண் போய் இது ஓரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இவர் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்யாணமான முப்பத்தைந்து வருஷத்தில் இவர் அவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வருகிற மாதிரி சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க, "இறங்குங்க, பூ வாடிரும்" என்றேன்.

மூன்று மாதம் கழித்து, அதே மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிள் தாண்டி, இடப்பக்க நடைபாதையிலிருந்து பூக்கூடையோடு ஓர் அம்மாள் இறங்கினாள். நான் அவளை நல்ல தூரத்திலிருந்தே பார்த்தேன். இவரும் பார்க்கிறார், இதோ காலை எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. நான் கத்தினேன். இவர் அமுக்கிய அமுக்கில் என் நெற்றி முன்னால் போய் வந்தது. கூடை பானட்டில் விழுந்து மல்லிகை கண்ணாடி முழுக்கப் பரவியது. அந்த அம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மராத்தியில் வாய் நிறையத் திட்டினாள், நாங்கள் இரண்டு பேரும் கீழே இறங்கிப் பூவைப் பொறுக்கிக் கொடுத்தோம். கூடையில் போடப் போட, இவர் கை ஒரு பூவை எடுக்கும், பக்கத்தில் கிடக்கிற பத்துப் பூவை விட்டுவிடும். நான் அதையும் பார்த்தேன். பதற்றம் என்று நினைத்தேன்.

வண்டியில் ஏறியதும், "இவ எங்கருந்து வந்தாட்டி?" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. பின்னாலேயே, "ஒரே அமுக்குல போச்சு பாரு, இன்னிக்கு இருவது வந்தாப் பெரிசு" என்றார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. மனுஷ உயிரைவிட உங்களுக்கு மைலேஜ் பெரிசா என்று வீடு வரைக்கும் வறுத்தெடுத்தேன். இவர் கண் திரையிலேயே இருந்தது. பயந்துபோய் அந்த எண்ணுக்குள் ஒளிந்துகொண்டிருந்தார் என்று எனக்கு யார் சொல்வது?

மறுநாள் இவராகவே கண்ணாடி மாற்ற வேண்டும் என்றார். மாட்டுங்காவில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தார். நான் நிம்மதியாகப் பையிலிருந்து குடையை எடுத்தேன். டாக்டர் விடவில்லை. இவரைத் தன் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, தன் கையைப் பக்கவாட்டில் நீட்டி, எத்தனை விரல் என்று இந்தியில் கேட்டார். இவர், "எந்தக் கை?" என்று கேட்டார். டாக்டர் விரலை அசைத்து அசைத்து உள்ளே கொண்டுவந்தார். கிட்டத்தட்ட டாக்டரின் காது அருகே வந்த பிறகுதான் இவர், "ஆ, ரெண்டு" என்றார். நான் குடையைத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

அப்புறம் ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் பொட்டு தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். இவர் ரொம்ப நேரம் அமுக்காமலே உட்கார்ந்திருந்தார். இயந்திரம் கெட்டுவிட்டதா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். தாளில் வந்ததை டாக்டர் எங்களுக்குக் காட்டினார். சுற்றிலும் கறுப்பு, நடுவில் ஒரு சின்ன வெள்ளை. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்திருக்கிறது, வலி இருக்காது, போனது திரும்பாது, சொட்டு மருந்து போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். கிளாக்கோமா என்று அதற்குப் பெயர். கறுப்பாகத் தெரியாதாம். தெரியாத இடத்தை மூளையே ஏதாவது வைத்து நிரப்பிக்கொள்ளுமாம். அதனால்தான் ரோடு இவருக்கு எப்போதும் காலியாக இருந்தது.

"ஒண்ணு ரெண்டு வருஷமா நடந்திருக்கு, வண்டி ஓட்டும்போது எதுவும் வித்தியாசமாத் தெரியலையா?" என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். மைலேஜ் நன்றாக வந்தது டாக்டர் என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார். இல்லை என்று சொன்னேன்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இது குடும்பத்தில் ஓடக் கூடியது, பிள்ளைகள் இருந்தால் கூட்டிக்கொண்டு வந்து பார்த்துவிடுங்கள்.

வீட்டுக்கு ஆட்டோவில் வந்தோம். வண்டியை அங்கேயே ஒரு சந்தில் விட்டுவிட்டோம்.  சயான் வந்ததும் இவர், "அப்போ அந்த இருவத்தெட்டு நான் எடுத்தது இல்ல" என்றார். நான், "நீங்கதான எடுத்தீங்க, வேற யாரு?" என்றேன். என் குரலை என்னாலேயே நம்ப முடியவில்லை. 

நான் அதைப் பற்றி ரொம்ப யோசித்துவிட்டேன். இவர் சொன்னதெல்லாம் சரிதான். இடைவெளி விடுவதும், காலை முன்னாலேயே எடுப்பதும், பஸ்ஸின் பின்னால் ஒரே வேகத்தில் போவதும் மைலேஜுக்கு நல்லதுதான். கண் நன்றாக இருக்கிற ஆயிரம் பேர் அப்படி ஓட்டுகிறார்கள். நல்லா ஓட்டுகிறவரும் கண் போகிறவரும் ஒரே மாதிரிதான் ஓட்டுவார்கள் என்றால், பக்கத்தில் இருக்கிறவள் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? 

நான் என் முப்பதாவது வயதில் லைசென்ஸ் எடுத்து அலமாரியில் வைத்திருந்தேன். இவருக்குக் கண்ணில் அழுத்தம் பார்க்க அடிக்கடி போக வேண்டியிருந்ததால், மறுபடி டிரைவிங் ஸ்கூலில் பதினைந்து நாள் போய்ப் பழகினேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். முதல் பத்து நாள் வாயே திறக்கவில்லை. அப்புறம் பொறுக்க முடியவில்லை.

"காலை எடு, காலை எடு. அங்க போயும் நிக்கத்தான போற?"

"சிக்னல் பச்சையா இருக்குங்க."

"நீ போறதுக்குள்ள மாறும். கணக்குப் பண்ணி ஓட்டுட்டி."

இவர் சொல்வது போலவே மாறும். இவருக்கு எதிரே உள்ள சிக்னல் நன்றாகத் தெரியும். எஞ்சின் எப்போது விழிக்கும் என்பது எனக்குத் தெரிவதற்கு முன்னால் இவர் காதுக்குத் தெரியும். "வருது, வருது, பைய விடு" என்பார். விட்டால் எஞ்சின் திரும்பத் தூங்கிவிடும். ஆனால் நான் ஓட்டியதற்குப் பதினேழுக்கு மேல் வரவில்லை. எனக்கு எல்லாம் தெரிகிறது. நடைபாதையில் நிற்கிறவன் இறங்குவானோ என்று தெரிகிறது, பந்தின் பின்னால் பிள்ளை ஓடி வருமோ என்று தெரிகிறது, இடப்பக்கம் பைக், வலப்பக்கம் ஆட்டோ, குறுக்கே ஒரு நாய். ஒவ்வொன்றுக்கும் என் கால் பிரேக்குக்குப் போகிறது. எல்லாவற்றையும் பார்க்கிறவளுக்கு மைலேஜ் வராது. இவர் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு தரம் உச்சுக்கொட்டுவார். ஒருநாள், "இப்ப எதுக்கு அமுக்குன? ரோடு காலியாத்தான கெடக்கு?" என்றார். ரோட்டில் ஒரு தள்ளுவண்டி போய்க்கொண்டிருந்தது. நான், "ஆமாங்க, தெரியாம அமுக்கிட்டேன்" என்றேன்.

மகளைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவதுதான் என்னால் ஆகவில்லை. ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். முதலில் ஆபீஸில் ஆடிட் என்றாள். அப்புறம் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றாள். "எனக்குக் கண்ணு ஃபர்ஸ்ட் கிளாஸ்மா, ஸ்டேஷன் போர்டுல கடைசி லைன் வரைக்கும் படிக்கிறேன்" என்றாள். அப்பாவும் அப்படித்தான் படித்தார் என்றேன். "டென்ஷன் மத் லோ, மம்மி, கவலைய விடு, அடுத்த மாசம் பக்கா" என்றாள். முப்பது வயதுப் பெண்ணை முட்டிபோட வைக்க முடியுமா? தாயாக என்னிடம் இருந்த அதிகாரமெல்லாம் பாண்டுப் போகும் ரயிலில் ஏறிப் போய்விட்டது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை வந்தாள். இன்றைக்கு நான் ஓட்டுகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டாள். இவர் இடப்பக்கம் உட்கார்ந்தார். எனக்குப் பின் சீட்டு. மாட்டுங்கா போய் வருவதாக ஏற்பாடு.

செம்பூர் தாண்டும் வரை நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். இவர் உச்சுக்கொட்டலிலிருந்து எனக்கு ஒருநாள் விடுதலை. அவள் தயங்காமல் நாற்பதுக்குப் போனாள், காலை எடுத்தாள், இறகு மாதிரி வைத்தாள். பச்சை விளக்கு அணையவே இல்லை. "அப்படித்தான், அப்படித்தான்" என்றார் இவர். பல மாதமாக நான் கேட்காத குரல். முன்வண்டிக்குப் பின்னால் நல்ல இடைவெளி விட்டாள். நான் அந்த இடைவெளியைப் பார்த்தேன். சயானில் ஒரு பஸ் வந்தது, அதன் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டாள். நான் சீட்டிலிருந்து முன்னால் நகர்ந்தேன்.

"தாராவி வழியா போனா சித்தி வீட்டுக்கும் எட்டிப் பாத்துட்டு வரலாமே" என்றேன்.

"நஹீம்மா, அந்த ரோடு வேஸ்ட். நின்னு நின்னு போணும்" என்றாள்.

திரும்பி வரும்போது, மேம்பாலம் இறங்கியதும், இடது பக்கமாக ஒரு பைக் எங்களைத் தாண்டி முன்னால் பாய்ந்தது. அது வருவதை நான் பின் சீட்டிலிருந்தே ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் லேசாகத் துள்ளி, "யே கஹான் சே ஆயா?" என்றாள், இவன் எங்கிருந்து வந்தான் என்று இந்தியில். இவர் சிரித்துக்கொண்டே, "இந்த ஊர்ல எங்கருந்தும் வருவான்" என்றார்.  எல்லாரும் சொல்கிற வாக்கியம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நானே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன்.

கட்டடத்துக்குக் கீழே எங்கள் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். திரையில் எண் வந்தது. 28.6. ஓரத்தில் இருந்த 28.1 மறைந்து, அந்த இடத்தில் இது வந்தது.

"அப்பா, உங்க ரெக்கார்ட் போச்சு" என்றாள்.

"போவட்டும், போவட்டும். எம் மவதான எடுத்திருக்கா" என்றார் இவர். அவள் தலையில் கையை வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு. அந்தத் தாளைப் பார்த்த நாளுக்குப் பிறகு இவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

நான் இறங்கினேன். அவள் பக்கத்துக் கண்ணாடி இறக்கியிருந்தது. அங்கே போய், அவள் தோளுக்கு நேராகக் கொஞ்சம் தள்ளி நின்றேன். டாக்டர் செய்தது போலவே என் வலது கையைத் தூக்கி, இரண்டு விரலை நீட்டினேன். அசைத்தேன். மெதுவாக முன்னால் கொண்டுவந்தேன். அவள் திரும்பவில்லை. அவளுக்கு அந்தப் பக்கம் இருந்த இவரும் திரும்பவில்லை. இரண்டு பேரும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் அவள் என் விரலைப் பார்க்கவில்லை. அப்படித்தான் இருக்கும். நான் மாடிப்படி ஏறும்போதும் அதைத்தான் சொல்லிக்கொண்டேன், இப்போது எழுதும்போதும் அதைத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

மத்தியானச் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, "செவ்வாக்கிழமை லீவு போடு, டாக்டர்ட்ட போன்ல நேரம் வாங்கிட்டேன்" என்றேன். வழக்கம்போல ஏதோ சொல்ல வாயெடுத்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். இவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டார். சிரிப்பு போய்விட்டது. அதை நான்தான் பிடுங்கிக்கொண்டேன்.

நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேரும் போகிறோம், நான்தான் ஓட்டப்போகிறேன். பதினேழுதான் வரும்.